சூடாகும் கடலும் திருகோணமலைக் கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை கடலை நம்பி வாழ்கிறவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன: வள்ளக்காரர், கரைவலைச் சம்மாட்டிமார், மட்டி எடுப்பவர்கள், கருவாடு போடும் பெண்கள், மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்பவர்கள், நிலாவெளியில் சுற்றுலாப் படகு ஓட்டுபவர்கள். உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் கேள்வியிலிருந்தே வாசிக்கத் தொடங்கலாம்.

சித்திரை, வைகாசியில் கடல் சூடாவது எப்போதும் உள்ளதுதானே? இதில் புதிது என்ன?

காற்று அடங்கி வெயில் உச்சியில் நிற்கும் அந்த மாதங்களில் இங்கே மேல்நீர் 30 பாகை செல்சியஸை அண்மிப்பது வழமை. இப்போது அந்த வழமையே மேலே ஏறியிருக்கிறது. 1951 தொடக்கம் 2015 வரை வெப்பமண்டல இந்து சமுத்திரத்தின் மேல்நீர் சராசரியாக 1 பாகை சூடாகியுள்ளது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 பாகை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் பூமியில் தங்கிவிட்ட மேலதிக வெப்பத்தில் 90 வீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது.

தரையில் காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையிலேயே ஏழெட்டுப் பாகை மாறுவதால் ஒரு பாகை நமக்குச் சின்னதாகத் தெரியும். சூரை போன்ற சிலவற்றைத் தவிர, மீனுக்கு நீரின் சூடுதான் உடம்பின் சூடு. நீர் சூடாக அதற்கு மூச்சுக்கு வேண்டிய ஒட்சிசன் கூடுகிறது. சூடான நீரிலோ கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைகிறது. இரண்டு பக்கமும் இறுகும்போது மீன் ஆழத்துக்கு இறங்கும், வேறு இடம் பார்க்கும், அல்லது உடம்பு பெருக்காமலே சினைப்படத் தொடங்கும்.

ஒரு வருடம் சூடாக இருந்ததை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பசிபிக் கடலின் மேல்நீரைச் சூடாக்கும் எல் நினோவும், இந்து சமுத்திரத்தின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே சூடு மாறிமாறி ஏறும் இந்து சமுத்திர இருமுனையும் சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து போகிறவை. காலநிலை என்பது ஏறக்குறைய 30 வருடக் கணக்கு. ஆனால் அந்த வந்துபோகும் சூடு இப்போது ஏற்கெனவே சூடான கடலின் மேல் ஏறுகிறது. அதனால்தான் முன்பு தாங்கிய உயிர்கள் இப்போது தாங்காமல் போகின்றன.

திருகோணமலைக் கடலுக்கென்று தனியாக ஏதும் உண்டா?

உண்டு. கொட்டியாரக் குடாவின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது. மற்றக் கரைகளில் வெகுதூரம் ஓடித் தேட வேண்டிய ஆழம் இங்கே கரைக்குப் பக்கத்தில் கிடைக்கிறது. ஆழத்து நீர் குளிர்ந்தது, உரம் நிறைந்தது. அது மேலே வருகிற இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகும், அதைத் தின்னச் சிறுமீன் கூடும், அதன் பின்னே சூரையும் பாரையும் வரும்.

அந்த நீர் மேலே வருவதற்குத் தடையாக இருப்பது வங்காள விரிகுடாவின் நன்னீர். கங்கை, பிரமபுத்திரா போன்ற பேராறுகள் கொட்டும் நன்னீரும் மழைநீரும் உப்புநீரைவிட இலேசானவை என்பதால் மேலே ஒரு மூடிபோல மிதக்கின்றன. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை இந்தியக் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே ஓடிவரும் நீரோட்டம் அதை நமது வாசலுக்கும் கொண்டுவருகிறது. மேல்நீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு அந்த மூடி இறுகும், காற்றால் அதைக் கலக்குவது கடினமாகும். கச்சான் காலத்தில், அதாவது தென்மேல் பருவக்காற்று வீசும்போது, இலங்கைக்குக் கிழக்கே ஆழ்கடலில் குளிர்நீர் குவிமாடம்போல் மேலெழும்புகிறது. ஆய்வாளர்கள் இதை இலங்கைக் குவிமாடம் என்கிறார்கள். நமது கரையின் நல்ல தொழிற்காலமும் அதே மாதங்கள்தான். ஆகவே அந்தக் காற்றின் பலமும் அது தொடங்கும் நாளும் மாறினால் பாதிப்பு நேரே வலையில் தெரியும்.

கரைவலையில் சூடையும் கும்பளாவும் குறைந்துவிட்டன. வெப்பம்தான் காரணமா?

வெப்பமும் ஒரு காரணம். எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டால், நம் கையில் இருக்கும் காரணங்களை விட்டுவிடுவோம். சுருக்குவலை, வெளிச்சம் போட்டுப் பிடித்தல், தங்கூசி வலை, வெடி வைத்தல், கண் சிறுத்த மடி ஆகிய ஒவ்வொன்றும் அதே மீனைக் குறைக்கின்றன. வெடி 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்கீழ் குற்றம். தங்கூசி வலைக்கும் தடை உண்டு.

எது காரணம் என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். கரையில் மீன் இல்லை, ஆனால் 30, 40 மீற்றர் ஆழத்தில் போட்ட வலையில் அதே இனம் நல்ல அளவில் கிடைக்கிறது என்றால், மீன் சூட்டுக்கு இறங்கியிருக்கக்கூடும். எங்கே போட்டாலும் குஞ்சுதான் வருகிறது, சினை வைத்த பெரிய மீன் காணவே இல்லை என்றால், பிடித்துத் தீர்த்ததற்கான அடையாளம் அது. மீன் வருகிறது, ஆனால் வழமையான மாதத்துக்கு முன்னோ பின்னோ வருகிறது என்றால் காற்றையும் நீரோட்டத்தையும் பாருங்கள். களப்பில் வளரும் இனங்கள் மட்டும் குறைந்தால், களப்பு முகம் எந்த நாளில் வெட்டுப்பட்டது, எத்தனை மாதம் அடைபட்டுக் கிடந்தது என்று விசாரியுங்கள். இவை முடிந்த முடிவுகள் அல்ல. ஆனால் சங்கக் கூட்டத்தில் வெறும் சண்டையாகப் போகும் பேச்சை இந்தக் கேள்விகள் கொஞ்சம் நேராக்கும்.

நமது வள்ளத்திலேயே இதை அளந்து வைக்க முடியுமா?

முடியும், அளந்து வைக்கவும் வேண்டும். செய்மதி காண்பது கடலின் மேற்தோலை மட்டும். மீன் நிற்கும் ஆழத்துச் சூட்டை உங்கள் வெப்பமானிதான் சொல்லும். வேண்டியவை ஒரு வெப்பமானி (0.5 பாகை பிரித்துக் காட்டினால் போதும்), மூடியுள்ள வாளி, 30 மீற்றர் கயிறு, ஒரு சீ.ஆர். கொப்பி.

முதலில் வெப்பமானியைச் சோதியுங்கள். நொறுக்கிய ஐஸை ஒரு கோப்பையில் நிறைத்து, அது மூழ்கும் அளவு மட்டும் நல்ல தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் வெப்பமானியை வைத்தால் 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் ஒவ்வொரு அளவிலும் 1 கழிக்க வேண்டும். கடல்நீர் விட்டுச் சோதிக்காதீர்கள். உப்பு கலந்தால் 0க்குக் கீழே போய்விடும்.

மேல்நீரை எஞ்சின் கழிவுநீர் படாத பக்கத்தில், அரை மீற்றர் ஆழத்திலிருந்து வாளியில் அள்ளுங்கள். உங்கள் நிழலிலேயே வைத்து, வெப்பமானியின் முனை நீருக்குள் இருக்கும்போதே ஒரு நிமிடத்துக்குள் வாசியுங்கள். வெளியே எடுத்து வாசித்தால் காற்றில் ஈரம் உலர்ந்து குறைவாகக் காட்டும். பலரும் செய்யும் பிழை இதுதான். ஆழத்து நீருக்கு, வாய் குறுகிய கண்ணாடிப் போத்தலில் கல் கட்டி, தக்கையில் தனிக் கயிறு கட்டி இறக்குங்கள். வேண்டிய ஆழத்தில் தக்கையை இழுத்துத் திறந்து, ஒரு நிமிடம் விட்டு, சட்டென்று தூக்குங்கள். பிளாத்திக்குப் போத்தல் அழுத்தத்தில் நசுங்கிவிடும்.

கொப்பியில் ஒரு நாளுக்கு ஒரு வரி: திகதி, நேரம், இடம் (ஜீ.பி.எஸ். எண் அல்லது கரையில் பிடித்த குறி), ஆழம், மேல்நீர்ச் சூடு, ஆழநீர்ச் சூடு, காற்றுத் திசை, வலை வகையும் கண் அளவும், இனவாரியாகக் கிலோ, எரித்த எண்ணெய் லீற்றர், விற்ற விலை. மீன் படாத நாளையும் எழுதுங்கள். வெறும் கையோடு வந்த நாட்களை விட்டுவிட்டால் கொப்பி பொய் சொல்லும். பிறகு கிலோவை லீற்றரால் பிரித்து, இந்த வருட ஆனியைப் போன வருட ஆனியோடு ஒப்பிடுங்கள். ஆனியை ஆடியோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை.

நிலாவெளிக்கு அருகே உள்ள புறாத்தீவின் முருகைக்கல் (பவளப்பாறை) ஏன் வெளுக்கிறது?

முருகை ஒரு விலங்கு. அதன் தோலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைத்துக் கொடுக்கும் உணவில்தான் முருகை பெரும்பாலும் வாழ்கிறது, நிறமும் அந்தப் பாசியுடையதுதான். வழமையான உச்சச் சூட்டைவிட 1 பாகை கூடி, சில வாரம் அப்படியே நின்றால், பாசியின் ஒளிச்சேர்க்கை பழுதாகி நச்சு ஒட்சிசனைக் கக்கத் தொடங்கும். முருகை அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு கண்ணாடிபோன்ற தோலினூடாக வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. அதைத்தான் வெளுப்பு என்கிறோம்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓரிடத்தின் மிகச் சூடான மாதத்துச் சராசரியைவிட எத்தனை பாகை கூட, எத்தனை வாரம் நின்றது என்று கடைசி 12 வாரத்துக்குக் கூட்டுவார்கள். 1 பாகை கூடி 4 வாரம் நின்றால் 4, 2 பாகை கூடி 2 வாரம் நின்றாலும் 4. இந்தத் தொகை 4ஐ எட்டினால் குறிப்பிடத்தக்க வெளுப்பை எதிர்பார்க்கலாம், 8ஐ எட்டினால் சாவும் தொடங்கும். கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் அமெரிக்காவின் நோவா நிறுவனம் உலகம் முழுவதற்கும் 5 கிலோமீற்றர்ச் சதுரங்களாக இதைத் தினமும் இலவசமாக இணையத்தில் போடுகிறது. பங்குனி முதல் ஆனி வரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

1998இல் இலங்கையின் தெற்கிலும் வடமேற்கிலும் முருகைக்கல் பெருமளவில் செத்தபோது புறாத்தீவு பெரிதும் தப்பியது. அது இந்த மாவட்டத்துக்குக் கிடைத்த பெரிய பேறு. ஆனால் ஒருமுறை தப்பியது அடுத்த முறைக்கு உறுதி அல்ல. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. பூமியின் சூடு தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 1.5 பாகை கூடினால் உலக முருகையில் 70 முதல் 90 வீதம் வரை அழியும் என்பதும், 2 பாகை கூடினால் 99 வீதத்துக்கு மேல் அழியும் என்பதும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் மதிப்பீடு.

வெளுத்த கல் செத்த கல்லா? கண்டால் என்ன செய்வது?

இல்லை, வெளுத்தது பட்டினி கிடக்கிறது. சூடு சில வாரத்தில் இறங்கினால் பாசி திரும்பும், நிறமும் திரும்பும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெளுத்தும் உயிரோடு இருக்கும் கல் சுத்த வெள்ளையாக, மேலே மெல்லிய பளபளப்போடு, சிறு வாய்கள் தெரிய இருக்கும். செத்த கல்லில் இரண்டொரு வாரத்துக்குள் பச்சையும் மண்ணிறமுமாகப் பாசிப் படலம் பஞ்சுபோல் ஏறிவிடும். சில கற்கள் வெளுக்கும்போது ஊதாவாகவோ மஞ்சளாகவோ மினுங்கும். அது அழகு அல்ல, கல் படும் வேதனை.

பட்டினி கிடக்கும் கல்லுக்கு இரண்டாவது அடி கொடுக்காமல் இருப்பதுதான் படகுக்காரர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. நங்கூரத்தை மணலில் மட்டும் போடுங்கள். சங்கிலி காற்றுக்குச் சுழன்று கல்லை அறுப்பதைக் கணக்கில் எடுத்து, நீர் ஆழத்தைப்போல மூன்று மடங்கு வட்டம் கல் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மிதவை இருந்தால் அதில் கட்டுங்கள். நீச்சல் தெரியாதவரைக் கல்லுக்குமேல் இறக்காதீர்கள். களைத்ததும் அவர் கல்லில்தான் கால் ஊன்றுவார். மான்கொம்பு முருகை நல்ல காலத்தில் வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் வரை வளரும். ஒரு குதிக்கால் உடைக்கும் கிளை நாலைந்து வருட வளர்ச்சி. உருண்டைக் கற்கள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட நீளக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். ஓரா, கிளிமீன் போன்ற பாசி தின்னிகளைக் கல்லோரத்தில் பிடிக்காமல் விடுங்கள். அவை மேய்ந்தால்தான் செத்த கல்லில் பாசி மூடாமல் புதிய குஞ்சு முருகை ஒட்டும்.

புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. வெளுப்பைக் கண்டால் திகதி, ஆழம், நீரின் சூடு ஆகியவற்றோடு, அளவுக்கு ஒரு கைத்தடி பக்கத்தில் தெரியப் படம் எடுத்து அவர்களிடமும் கடல்வள ஆய்வு செய்யும் நாரா நிறுவனத்திடமும் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே கல்லை அதே பக்கத்திலிருந்து எடுத்த படங்கள் நூறு தனிப் படங்களைவிடப் பெறுமதியானவை.

கடல் அமிலமாகிறது என்கிறார்கள். மட்டிக்கும் சிப்பிக்கும் என்ன ஆகும்?

நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய கால்வாசியைக் கடல் உறிஞ்சுகிறது. நீரில் கரைந்து அது காபோனிக் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறக்குறைய 8.2ஆக இருந்த மேல்நீரின் பீ.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) இப்போது 8.1. இது மடக்கைக் கணக்கு என்பதால் 0.1 இறக்கம் என்றால் ஐதரசன் அயன் 26 வீதம் கூடியிருக்கிறது. கடல் இன்னும் காரம்தான், குளித்தால் உடம்பு எரியாது. பிரச்சினை கல்சியம் காபனேற்றில் ஓடு கட்டும் உயிர்களுக்கு. ஓடு கட்ட வேண்டிய காபனேற்று அயன் குறைவதால் அவை கூடுதல் சக்தி செலவழிக்கின்றன. குஞ்சுப் பருவம்தான் மிகவும் நொய்ந்தது.

தம்பலகாமக் குடா ஒருகாலத்தில் மெல்லிய தட்டைச் சிப்பியின் முத்துக்குப் பெயர்போனது. அங்கும் கிண்ணியாப் பக்கமும் மட்டி எடுப்பவர்களுக்கு இன்றைக்கு முதல் எதிரி அமிலம் அல்ல, வெள்ளம். பல நாள் நன்னீர் தேங்கினால் மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு பட்டினியிலும் மூச்சு முட்டியும் சாகும். நீர் செம்மண்ணிறமாகவோ கடும் பச்சையாகவோ வழமைக்கு மாறாக நிறம் மாறியிருந்தால் மட்டி எடுக்காதீர்கள். சில நுண்பாசிகளின் நஞ்சு மட்டியில் சேரும், எவ்வளவு அவித்தாலும் அது போகாது.

மழை கூடினால் கடலுக்கு என்ன?

காற்று 1 பாகை சூடானால் 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலப்பதால் மலைநாட்டில் கொட்டும் மழையின் சேறு மூதூர்க் கடலுக்கு வந்து சேர்கிறது. சேறு முருகைக்கும் சாதாழைக்கும் வெளிச்சத்தை மறைக்கும். மிதந்து வரும் மரக்கட்டைகள் வலையைக் கிழிக்கும். வெள்ளத்துக்குப் பின் முதல் வாரம் இரவில் குடாவுக்குள் வேகமாக ஓடாதீர்கள்.

புயல்கள் கூடிவிட்டனவா?

எண்ணிக்கை கூடும் என்று சொல்ல முடியாது. உருவாகும் புயல்களில் பலத்தவற்றின் பங்கும், அவை கொண்டுவரும் மழையும், ஓர் இரவுக்குள் வலுக்கும் வேகமும் கூடுகின்றன. புயலுக்கு வேண்டிய 26.5 பாகை நீர் வங்காள விரிகுடாவில் கார்த்திகை மார்கழியிலும் தாராளமாக உண்டு. 1964 டிசம்பர்ப் புயல் திருகோணமலைப் பக்கமாகத்தான் தீவைக் கடந்தது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பு அழிந்தது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. புரெவி பலத்த புயல் அல்ல. இந்தக் கரை புயலின் பாதையில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றரிலிருந்து 60 ஆனால், அது வள்ளத்தைத் தள்ளும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. «போன தடவை சமாளித்தோம்» என்ற கணக்கு பிழைப்பது இதனால்தான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பகுதி அறிவித்தலைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். பலநாள் படகு என்றால் பயணம் முழுவதற்கும் கேட்க வேண்டும், முதல் நாளுக்கு மட்டும் கேட்பது போதாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. கடலில் ஆபத்து அழைப்புக்கு வீ.எச்.எப். வானொலிக் கருவியின் 16ஆம் அலைவரிசை. கரையில் நிற்கும் வள்ளத்திலிருந்து எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அடி அடைப்பானைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மழைநீரின் பாரத்தில் பைபர் வெடிக்கும். வலையை வாடியில் விடாமல் உயரமான இடத்தில் வையுங்கள்.

கரை அரிபடுவது கடல் மட்டம் உயர்வதாலா?

உலகக் கடல் மட்டம் 1901 தொடக்கம் 2018 வரை ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. அதில் 2006 தொடக்கம் 2018 வரை வருடத்துக்கு 3.7 மில்லிமீற்றர் வேகம். அது தொடர்ந்தால் 30 வருடத்தில் 11 சென்ரிமீற்றர். தட்டையான கரையில் அது பல மீற்றர் நிலத்தை விழுங்கும். ஆனால் ஒரே மழைக்காலத்தில் பத்து மீற்றர் போய்விட்டால் காரணத்தைப் பக்கத்தில் தேடுங்கள்: மணல் அள்ளியது, அடம்பன் கொடியும் தாழையும் வெட்டியது, யாரோ கட்டிய கல்லணை. ஓரிடத்தில் கல் போட்டால் அதன் அடுத்த பக்கம் அரிபடும். கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கட்டாதீர்கள், பக்கத்து வாடிக்காரரின் நிலம்தான் முதலில் போகும்.

ஐஸ் முன்பைவிடக் கூடத் தேவைப்படுகிறது. எவ்வளவு போடுவது?

கணக்குப் பார்ப்போம். 30 பாகையில் உள்ள 100 கிலோ மீனை 0 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 31 கிலோ ஐஸ் உருக வேண்டும். கடல்நீர் 1 பாகை கூடினால் இதில் கூடுவது ஒரு கிலோதான். மீதி ஐஸ் எல்லாம் பெட்டிச் சுவரால் வரும் சூட்டுக்குப் போகிறது. ஆகவே பகல் முழுவதும் வெயிலில் நிற்கும் பெட்டிக்கு மீன் ஒரு பங்கு, ஐஸ் ஒரு பங்கு என்பதே பாதுகாப்பான அளவு. மூடி உடைந்த ரெஜிபோம் பெட்டியை மாற்றினால் மிச்சமாகும் ஐஸ், விலை பேசி மிச்சம் பிடிப்பதைவிடக் கூட இருக்கும். பெட்டிக்கு மேல் ஈரச் சாக்குப் போடுங்கள்.

அடியில் 5 சென்ரிமீற்றர் ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், மேலே மூட 5 சென்ரிமீற்றர். ஐஸைக் கட்டியாக விடாமல் நொறுக்குங்கள். கட்டி ஐஸ் மீனைத் தொடும் இடம் சிறிது, முனை குத்தித் தோலும் கிழியும். வடிகால் ஓட்டை திறந்திருக்க வேண்டும். குடல் எடுத்த மீனை வயிறு கீழே இருக்க வைத்தால் இரத்தநீர் வடியும்.

சூரை, கும்பளா ஆகியவற்றில் கவனம் கூட வேண்டும். சூடு பட்டால் இவற்றில் இஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். பிறகு ஐஸ் போட்டாலும், பொரித்தாலும், ரின்னில் அடைத்தாலும் அது போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கும். நீரோ காற்றோ 28.3 பாகைக்கு மேல் இருந்தால் மீன் செத்து 6 மணிநேரத்துக்குள் ஐஸில் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி. அதற்குக் கீழே என்றால் 9 மணிநேரம். நமது கடலில் வருடத்தின் பெரும்பகுதிக்கு 6 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேரம் வலை தூக்கியதிலிருந்து தொடங்குவதில்லை. வலையில் மீன் செத்த கணத்திலிருந்து தொடங்குகிறது. இரவு முழுவதும் கிடந்த வலையில் வந்த சூரைக்கு அந்த நேரம் எப்போதோ முடிந்திருக்கலாம். ஏற்றுமதிக்காரர் திருப்பி அனுப்பும் மீனில் ஒரு பகுதி இப்படித்தான் கெடுகிறது.

கருவாட்டுக்கும் காலநிலைக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. நெத்தலி காயும் நாளில் எதிர்பாராத ஒரு மழை போதும், அந்தக் கிழமை உழைப்பு போய்விடும். நேர்மாறாகக் கச்சான் காற்றும் கடும் வெயிலும் சேர்ந்தால் மேல்தோல் சட்டென்று இறுகிவிடும், உள்ளே ஈரம் அடைபடும். வெளியே நன்றாகக் காய்ந்ததாகத் தெரியும், மூன்றாம் நாள் முள்ளோரம் மணக்கும். தடித்த மீனை முதுகால் பிளந்து, 3 கிலோவுக்கு 1 கிலோ உப்பிட்டு, ஓர் இரவு வடியவிட்டு, முதல் நாள் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் காயப்போட்டுப் பிறகு வெயிலில் போடுங்கள். மணலில் பரப்பாமல் ஒரு மீற்றர் உயரப் பரணில் வலை விரித்துப் போட்டால் அடியாலும் காற்று போகும், மழை இருட்டினால் இரண்டு பேர் தார்ப்பாய் இழுத்து நிமிடத்தில் மூடலாம்.

திமிங்கிலங்கள் இங்கே வருவது நிற்குமா?

பள்ளத்தாக்கு இருக்கும்வரை அவை வருவதற்குக் காரணமும் இருக்கும். உலகின் மற்ற நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் துருவக் கடலுக்குப் போய் வருபவை. வட இந்து சமுத்திரத்தின் நீலத் திமிங்கிலங்கள் வருடம் முழுவதும் வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன. அதனால் இங்கே இரை குறைந்தால் அவற்றுக்குப் போக வேறு வீடு இல்லை. பங்குனி தொடங்கி வரும் இந்தப் பருவத்தில் படகுக்காரர் செய்யக்கூடியது, 100 மீற்றருக்குள் நெருங்காமல் இருப்பது, முன்னால் போய்க் குறுக்கே நிற்காமல் பக்கவாட்டில் மெதுவாகப் போவது. விரட்டினால் அது மூழ்கும், இரைக்குச் செலவழிக்க வேண்டிய சக்தி ஓட்டத்தில் போகும்.

கடலாமை?

முட்டை புதைந்த மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29 பாகையில் பாதிக்குப் பாதி. அதற்கு மேலே போகப் போகப் பெண் கூடும், 33ஐத் தாண்டி நின்றால் முட்டையே கருகும். கரையோரத் தாழையையும் அடம்பனையும் விட்டு வைத்தால் மணல் குளிர்ந்திருக்கும்.

கண்டல் நட்டால் எல்லாம் சரியாகுமா?

சரியான இடத்தில் நட்டால் மீன் குஞ்சுக்கு வீடு, அலைக்குத் தடுப்பு, சேற்றுக்கு வடிகட்டி. பிழையான இடத்தில் நட்டால் படம் எடுத்த அடுத்த வருடம் குச்சிகூட மிஞ்சாது. சுனாமிக்குப் பின் இலங்கையில் நட்டவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் போயிற்று. காரணம் எளிது: ஆட்களுக்கு வசதியான வெறுஞ்சேற்றில் நட்டார்கள். அது சராசரி நீர்மட்டத்துக்குக் கீழே, நாளின் பெரும்பகுதி மூழ்கிக் கிடக்கும் இடம். கண்டல் அங்கே தானாக முளைக்காததற்குக் காரணமும் அதுவே.

பக்கத்தில் இயற்கையாக நிற்கும் கண்டலின் அடி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே தண்ணீர் தெரியும் குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பிடிப்பதுபோல் அந்த உயரத்தை நடும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒத்தால் நடலாம். ஒரே இனத்தை வரிசையாக நடாமல், பக்கத்தில் எது நிற்கிறதோ அதை நடுங்கள். மரத்திலிருந்து பிடுங்காமல், தானாக விழுந்த முளைக்குச்சியை எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனால் போதும். முதல் ஆறு மாதம் தண்டில் கொட்டலசு ஏறுகிறதா, ஆடு மாடு மேய்கிறதா, மிதந்து வந்த பிளாத்திக்கு சுற்றிக்கொண்டதா என்று கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்.

பல இடத்தில் நடவே தேவையில்லை. வீதி போட்டபோது அடைபட்ட வாய்க்காலைத் திறந்து, உப்புநீரும் நன்னீரும் பழையபடி வந்துபோக விட்டால், உப்பாற்றிலும் உல்லைக்களியிலும் மிதக்கும் விதைகள் தாமாகவே வந்து ஏறும். நடுவதற்கு வைத்திருந்த காசில் ஒரு மதகுக் குழாய் வாங்கிப் போடலாமா என்று முதலில் கேளுங்கள்.